ஷார்ப்னரை எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்பை விட்டுவிடுங்கள்

எங்கள் மாவட்டக் கூர்நோக்கு இல்லத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். வழக்கில் சிக்கிய சிறுவர்கள் தங்கும் உங்கள் இல்லத்தில் சனிக்கிழமை ஓவிய வகுப்பு ஏன் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பையன் ஷார்ப்னரின் பிளேடைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தான். ஆபத்துதான், மறுக்கவில்லை. சரி, ஷார்ப்னரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேயானுக்கும் களிமண்ணுக்கும் எதற்கு பிளேடு? வகுப்பை மறுபடி தொடங்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். (பெயரும் ஊரும் வேண்டாம். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு எனக்கும் தெரியும்.) ஆலோசகர் எதைக் கேட்டாலும் "தெரியாது சார்" என்பான். வரையச் சொன்னால் வீடு மட்டும் வரைவான், ஆளே இருக்காது. ஒருநாள் வாசலில் பெரிய செருப்பு ஒரு ஜோடி போட்டான். யாருடையது என்றேன். "அப்பாவோடது. அது வெளிய கெடந்தா நான் உள்ள போக மாட்டேன்" என்றான். அவனைப் பற்றிய எந்த அறிக்கையிலும் இது இல்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. பேச ஆரம்பித்த பையன் மறுபடி "தெரியாது சார்"க்குப் போய்விட்டான்.

இது பொழுதுபோக்கு அல்ல. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 53ஆம் பிரிவு மனநல உதவியையும் பண்பாட்டு நிகழ்வுகளையும் இல்லம் தரவேண்டிய சேவைகளில்தான் சேர்த்திருக்கிறது. நியூயார்க்கின் வில்ட்விக் பள்ளியில் ஓவியம் வழிச் சிகிச்சையின் முன்னோடி எடித் கிராமர் இத்தகைய பையன்களோடு வரைய உட்கார்ந்தது 1950களில். நமக்கோ, செங்கல்பட்டு இல்லத்தில் 2022 டிசம்பரில் ஒரு சிறுவன் இறந்த பிறகுதான் குழு போடத் தோன்றியது. அந்தக் குழுவான ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் அறிக்கை 2023இலேயே அரசின் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் குழந்தைகள் தினத்துக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எங்கிருந்தோ முளைத்துவிடும். சுவரில் காந்தியும் புறாவும் வரைய அதே பையன்கள் வேண்டும். அன்று மட்டும் பாதுகாப்புப் பிரச்சினை விடுப்பில் போய்விடும்போல.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது கொஞ்சம்தான்: வாரம் ஒரு மணி நேரம், பொருட்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிக்கொள்ளலாம், வார்டன் கூடவே உட்காரட்டும். படங்களை மட்டும் அவர்களுக்கு எதிரான சாட்சியாக்க வேண்டாம். தயவுசெய்து வகுப்பைத் தொடங்க அனுமதியுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் அங்கே வந்துகொண்டிருந்த ஓவிய ஆசிரியர்