நமீப் பாலைவனத்தில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நமீபியா போய், கூடாரம் போட்டுத் தங்கித் தங்கிச் சுற்றிவிட்டு எல்லோரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். இரண்டு வண்டி, எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நல்லபடியாக வந்ததில் எங்கள் சாமர்த்தியம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வழியில் கிடைத்த மனிதர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டோம். இருந்தாலும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அடுத்து அங்கே போகிறவர்களுக்கும் உபயோகப்படும்.

முதல் நன்றி நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் வாடகை வண்டி ஒப்படைத்த தம்பிக்கு. சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தோம். அவரோ வண்டியின் தலைமேல் இருக்கும் கூடாரத்தை எங்களையே விரிக்கச் சொல்லி, மடிக்கச் சொல்லி, "மறுபடி" என்றார். டயர் காற்றழுத்தம் பார்க்கும் மானியைக் கையில் திணித்து, தார் ரோட்டுக்கு இவ்வளவு, சரளை ரோட்டுக்கு 2 பார் அழுத்தத்துக்குக் கீழே, மணலுக்கு இன்னும் கீழே என்று ஒப்பிக்க வைத்தார். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஸ்டெப்னி. "ரெண்டு எதுக்கு?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். தம்பி சிரித்தார், பதில் சொல்லவில்லை.

பதில் சாலிடேர் என்ற சின்ன ஊருக்குக் கொஞ்சம் முன்னால் கிடைத்தது. சரளைக் கல் டயரின் பக்கவாட்டைக் கத்தி போலக் கீறியிருந்தது. டயரைக் கழற்றலாம் என்றால் ஜாக்கி மேலே ஏறாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. போனில் சிக்னல் கிடையாது. நமீபியா பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல். சனத்தொகையோ 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 30 லட்சம். அப்படிப்பட்ட நாட்டில், அந்த ரோட்டில், அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாரிடம் கேட்பது?

வந்தது. பின்னால் ஆடுகள் ஏற்றிய பழைய பிக்கப் ஒன்று. ஓட்டி வந்த பெரியவர் இறங்கினார், ஜாக்கியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் தன் வண்டிக்குப் போய் ஒரு பலகைத் துண்டை எடுத்துவந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். எண்ணெயும் மண்ணும் ஊறிக் கறுத்துப்போன பலகை. நடுவில் ஜாக்கியின் கால் பதிந்து பதிந்து வட்டமாகக் குழி விழுந்திருந்தது. எத்தனை வண்டிகளுக்கு முட்டுக் கொடுத்ததோ. போல்ட் இறுகிக் கிடந்தது. ஸ்பேனரை மாட்டி அதன்மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று ஒரு குதி குதித்தார், 'டக்'கென்று விட்டது. எங்களில் இன்ஜினியர்களே மூன்று பேர், வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தோம். பணம் நீட்டியபோது தலையாட்டி மறுத்தார். சிகரெட் இருக்கிறதா என்று மட்டும் சைகையில் கேட்டார். எட்டுப் பேரில் ஒருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. புகைபிடிக்காததற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான். ஃப்ளாஸ்கில் இருந்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஐயா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சாலிடேரில் டயரைப் பார்த்துத் தந்த பணியாளருக்கும் நன்றி. பக்கவாட்டுக் கீறலை ஒட்ட முடியாது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டு, மற்ற டயர்களில் ஏறியிருந்த கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அங்கே டேங்க்கை நிரப்பிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். கடலோர ஊரான வால்விஸ் பே வரை 200 கிலோமீட்டருக்கு மேல் பங்க் கிடையாது.

மணல்மேடுகளுக்குப் போகும் வழியில் நாங்கள் தங்கிய செஸ்ரியம் முகாமின் இரவுக் காவலாளிக்கு என் பையன் சார்பில் தனி நன்றி. செருப்பு, ஷூ எதையும் வெளியே விடாதீர்கள், நரி தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஒவ்வொரு கூடாரமாகச் சொல்லிவிட்டுப் போனார். பையன் நம்பவில்லை. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கள் மேஜைக்குக் கீழே நரி ஒன்று மூக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறது.

முகாமுக்குள் தங்குகிறவர்களுக்குச் சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் முன்பே மணல்மேடுகளுக்குப் போகும் உள் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் குளிரில், இருட்டில், வண்டிகளோடு வரிசையில் நின்றபோது எங்கள் குழுவின் வானியல் பைத்தியம் (பாசமாகத்தான் சொல்கிறேன்) பிள்ளைகளை இறக்கித் தென்கிழக்கைக் காட்டினார். அகத்தியர் நட்சத்திரம் (ஆங்கிலத்தில் கனோபஸ்), நல்ல உயரத்தில். சென்னையில் தெற்கே தாழ்வாகத் தேடிப்பிடிக்க வேண்டிய அகத்தியர் அங்கே கூப்பிடாமலே வந்து நிற்கிறார். பின்னால் நின்ற வண்டியின் ஜெர்மன்காரர்களும் இறங்கி வந்து கதை கேட்டார்கள்.

மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் களிமண் படுகையான சோசுஸ்ஃப்ளேவுக்குக் கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். தார் ரோடு முடிகிற இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டு அங்கே பயணிகளை ஏற்றிப்போகும் ஷட்டில் வண்டியில் போகலாம். நாங்கள் ஓட்டிக்கொண்டு போனோம். எங்கள் முன்வண்டி பாதியில் அச்சு வரை இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போகிறது. எதிரே பயணிகளோடு வந்த ஷட்டில் ஓட்டுநர் நிறுத்தி இறங்கினார். கயிறு கட்டி இழுப்பார் என்று பார்த்தால், உள்ளங்கையால் டயரைத் தட்டினார், ஒரு குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். நான்கு டயரும் அடியில் பிதுங்கி அகலமானதும், ஸ்டியரிங்கைத் திருப்பாமல் வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கச் சொன்னார். வந்துவிட்டது. டயர் தரையில் பதியும் இடம் பெரிதானால் மணல் தாங்கும், அவ்வளவுதான் சூட்சுமம். அதற்குள் அவருடைய பயணிகள் எல்லோரும் இறங்கி எங்களைப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி, பொறுமைக்கு. பக்கத்திலேயே இருக்கும் டெட்ஃப்ளே என்ற வறண்ட படுகையில் நூற்றாண்டுகளாகச் செத்து நிற்கும் அந்தக் கறுத்த மரங்களை வெயில் ஏறுமுன் பார்க்க முடிந்தது அந்த ஓட்டுநரால்தான்.

ரோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். சரளை ரோட்டில் வண்டிகள் போகப் போக, சல்லி ஒதுங்கி அலை அலையாகக் குறுக்கே வரி விழும். அதன்மேல் ஓட்டினால் பல் ஆடும், பேச்சு குளறும். குயிசெப் கணவாய்க்கு அப்பால் ஒரு கிரேடர் வண்டி தனியாக அந்த வரிகளைச் சீவிக்கொண்டே வந்தது. நாங்கள் கையை ஆட்டினோம், ஓட்டுநரும் ஆட்டினார். அவருக்குப் பின்னால் கிடைத்த வழவழப்பான ரோட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சுற்றுலாப் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

கடலோர ஊரான ஸ்வாகோப்முண்டில் காதுவலிக்கு மருந்து கொடுத்து, சரியாகும் வரை மணல்மேட்டுப் பக்கம் போகாதே என்று பிள்ளையை மிரட்டிய மருந்துக்கடை அம்மாவுக்கும், ஸ்பிட்ஸ்கொப்பே பாறைமலையில் பாறைக்கு அந்தப்பக்கம் காற்று அடிக்காத இடம் காட்டிய முகாம் பெண்மணிக்கும் நன்றி.

அப்புறம், நம் ஆட்கள். பத்துப் பாத்திரத்தையும் ஒரு குடம் தண்ணீரில் கழுவி முடித்த அண்ணனுக்கு, யாரும் கேட்காமலே தினமும் டயர் அழுத்தம் பார்த்த மாப்பிள்ளைக்கு, எல்லோரும் கறி சுடும் நாட்டில் சைவமாக இருந்துகொண்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உருளைக்கிழங்கைத் தணலில் புதைத்துச் சாப்பிட்ட நண்பருக்கு. முக்கியமாக, கைவிறைக்கும் குளிரில் கேஸ் அடுப்பில் ரசம் வைத்த அக்காவுக்கு. நாங்கள் விறகு மூட்டத் திணறியபோது காய்ந்த கட்டைகள் கொண்டுவந்து கொடுத்த பக்கத்துக் கூடாரத் தம்பதிக்கு அந்த ரசத்தில் இரண்டு டம்ளர் போயிற்று. கேப்டவுனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். செய்முறை கேட்டிருந்தார்கள், அக்கா போன வாரமே எழுதி அனுப்பிவிட்டார். மிளகைக் குறைக்கலாமா என்று பதில் வந்திருக்கிறது. கூடாது என்று சொல்லியாயிற்று.

அன்புடன்,
இரண்டு வண்டிக்காரர்கள் எட்டுப் பேரும்