ரேக் மாட்டியாயிற்று, பாப்பா

பாப்பாவுக்கு,

வீட்டு நெட் சாமானையெல்லாம் அடுக்குகிற அந்த இரும்பு ரேக்கைச் சுவரில் மாட்டியாயிற்று. போட்டோ அனுப்பினால் கட்டை விரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் எனக்குப் பேச வராது. உன் அம்மா பக்கத்தில் நின்று அதைக் கேள் இதைக் கேள் என்று கையை ஆட்டுவாள், அதில் எனக்கு எல்லாம் மறந்துவிடும்.

பார்சல் மூன்றும் நசுங்காமல் வந்தன. பெங்களூரில் போட்ட மூன்றாம் நாள் வாசலில் இருந்தது. நூறு கிலோமீட்டர்தானே. பெட்டிக்கு வழி தெரிகிறது.

நீ பிளானில் குறித்த சுவரில் மாட்டவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மாடிப்படிக்குக் கீழே அந்தத் தடுப்புச் சுவர் நாலு அங்குல ஹாலோ பிளாக். எலக்ட்ரீசியன் பையன் "நாலு பிளக் அடிச்சா நிக்கும் சார்" என்றான். காலி ரேக் நிற்கும்தான். சாமான் ஏறினால்? 600 மில்லிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டி, கனம் மொத்தமும் மேல் போல்ட்டைத்தான் பிடித்து இழுக்கும், உள்ளே வெறும் காற்று இருக்கிற கல்லில் அங்கர் போல்ட் விரிந்து எதைப் பிடிக்கும்? அதனால் பூஜை அறைப் பக்கம் இருக்கிற பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு மாற்றினேன். பத்து எம்எம் போல்ட் நாலு. மாட்டியதும் நானே பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அம்மா திட்டினாள், வயசுக்குத் தகுந்த வேலையா என்று.

சாமானைத் திருகி மாட்ட ரேக் ஓட்டைகளில் கேஜ் நட் போடுவதில்தான் ஒரு காலை வேளை போனது. ரேக் உயரத்தை யூ கணக்கில் அளக்கணும், ஒரு யூ என்பது ஒன்றேமுக்கால் அங்குலம், மூன்று ஓட்டை என்று நீ எழுதியிருந்தாய், சரி. ஆனால் எந்த மூன்று என்று பார்க்க வேண்டாமா? ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டோம், கேபிள் எல்லாம் வந்து சேருகிற பேட்ச் பேனல் மேலேயும் சேரவில்லை, கீழேயும் சேரவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இல்லை, இரண்டு ஓட்டை கிட்டக் கிட்ட வருகிற இடம்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிற எல்லை. பையனுக்கும் தெரியாது. எட்டாவது படிக்கும்போதே ஆர்ஜி 6 டிவி கேபிளைச் சீவி கனெக்டர் போட்டவள் நீ, கூட இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பாய். அந்தப் பையனிடம் உன் பிளானைக் காட்டினேன். மில்லிமீட்டர் கணக்கில் இப்படி யார் சார் போட்டது என்றான். என் பொண்ணு என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

சூடுதான் எனக்குக் கவலை. மேலே ஃபேன் இருக்கிறது என்று நீ சொல்வாய். ஃபேன் ரேக்குக்குள் இருக்கிற சூட்டை வெளியே தள்ளும், வெளியே என்றால் அந்த மூடின அறைக்குள்தானே? மறுபடி அதையே உள்ளே இழுக்கும். அதனால் கதவுக்கு அடியில் ஒரு அடி அகலத்துக்கு வெட்டி வலை அடித்திருக்கிறேன், எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட். குளிர்ந்த காற்று கீழே வரணும், சூடு மேலே போகணும். பல்லி வரும் என்று அம்மா ஒரே சண்டை. நம் கேபிள் டிவி கண்ட்ரோல் ரூம் ஞாபகம் இருக்கிறதா? சன் டிவி 1993 ஏப்ரலில் வந்தது, அதற்கு அடுத்த வருஷம் நான் டிஷ் வைத்தேன், ஆங்கிள் கம்பியை வெல்டிங் செய்து, சேனலைக் கேபிளில் ஏற்றுகிற மாடுலேட்டரை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்னால் ஒரு டேபிள் ஃபேன். சித்திரையில் அந்த ஃபேன் நின்றால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், நீ ஓடி வந்து "அப்பா, ரூம் வேகுது" என்பாய். காற்றுப் போக வழி விடணும் பாப்பா. அதை மட்டும் மறக்காதே.

எர்த்தும் சரியில்லாமல் இருந்தது. தென்னை மரத்தடிக் குழியைத் தோண்டி, புதுசாகக் கரியும் உப்பும் போட்டு, தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். ரேக் உடம்புக்குத் தனியாகப் பச்சை ஒயர் இழுத்துக் கட்டியாயிற்று. நம் ஊர்க் கோடை மழைக்கு எத்தனை ஆம்ப்ளிஃபையரைப் பறிகொடுத்தவன் நான். யூபிஎஸ்ஸை ரேக்கில் ஏற்றவில்லை, அந்தக் கனம் சுவரில் வேண்டாம். சமையலறை மேடை போட்டதில் மிஞ்சின கருப்புக் கிரானைட் துண்டு கிடந்தது, அதைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார வைத்தேன். கரண்ட் ஒயரும் நெட் கேபிளும் தனித்தனிக் குழாய். வைஃபை பெட்டியை உள்ளே வைக்கவில்லை, இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் மாடிக்கு எடுக்காது, ஹால் சீலிங்கில் மாட்டினோம்.

சின்னவனுக்கு ஓசூரில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெங்களூரா மாங்காய் இந்த வருஷம் நன்றாகத்தான் காய்த்தது, யார் சாப்பிட? அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். ஆடிப் பெருக்குக்கு வருவாய் என்று அம்மா நிப்பட்டு வாங்கி வைத்திருந்தாள்.

இன்னொன்று. தை மாசம் நீ அனுப்பின முதல் பிளானும் என்னிடம் இருக்கிறது. அதில் மேலே மூன்று யூ மாப்பிள்ளையுடைய ஆம்ப்ளிஃபையருக்கு. போன மாசம் வந்ததில் அந்த இடத்தில் வெறும் கட்டம், 'மூடி' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். மற்ற சாமானுக்கெல்லாம் 450 ஆழமே போதும், 600 வாங்கியது அந்த ஆம்ப்ளிஃபையருக்காகத்தான், பேசி முடிவு செய்ததுதானே. 7, 8 நம்பர் கேபிளும் பட்டியலில் இல்லை. மாடிக் கடைசி அறைக்குப் போவது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மேலே இருக்கிற மெஷின் சூடு அதிகம் என்று மாற்றியிருப்பாய், அல்லது வேறு ஏதாவது. அம்மாவிடம் பழைய பிளானையே காட்டி வைத்திருக்கிறேன்.

ஒயருக்கு இரண்டு முனையிலும் நம்பர் எழுதியாயிற்று. நீ சொன்ன மாதிரி வெல்க்ரோ பட்டைதான் போட்டோம், இறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. போன தடவை வீடியோவில் கழுத்து எலும்பு தெரிந்தது.

பாப்பா, எனக்கு எழுத வேண்டியது இதெல்லாம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்றைக்கு ராத்திரி பதினொன்றே கால் இருக்கும், நீ போன் செய்தாய். "அப்பா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா" என்றாய். அதற்கு அப்புறம் நீ பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நான் "ஹலோ, ஹலோ, விட்டு விட்டு வருது பாப்பா, டவர் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் இருந்தது. தெருக்கோடியில் நிற்கிற டவர்தான், நான் மொட்டை மாடியில் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன், மேலே சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. நீ சொன்னது, சொல்லாதது எல்லாம் கேட்டது. அடுத்த வாரம் மாடிக்குக் கிரகப்பிரவேசம், பத்திரிகை கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வருகிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிந்தது. முப்பது வருஷமாக அடுத்தவன் வீட்டில் சிக்னல் போனால் ராத்திரி ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். உன்னிடம் சிக்னல் இல்லை என்று பொய் சொன்னேன்.

மறுநாள் காலையில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவள் இருந்தால் நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்துதான். நீ "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கிரகப்பிரவேசத்தன்று நீ சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் பந்தியில் பரிமாறினாய், அதைப் பார்த்து, பார்த்தியா ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ அப்படி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

7, 8 கேபிளை நான் உருவிப் போடவில்லை. கடைசி அறைச் சுவர்ப் பெட்டிக்குள் ஒரு மீட்டர் சுருட்டி வைத்து மூடி போட்டிருக்கிறேன், ரேக்கில் இருக்கிற நெட் ஸ்விட்ச்சிலும் இரண்டு போர்ட் காலி. உன் ஆபீஸ் வேலைக்கு அந்த அறை ஆகும். கிழக்கு ஜன்னல், தெருச் சத்தம் வராது. மேஜை ஒன்று செய்யச் சொல்லி ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன், எத்தனை அடி வேண்டும் என்று மட்டும் அனுப்பு. மேல் மூன்று யூவை மூடச் சொல்லியிருக்கிறாய், அந்தத் தகடு பார்சலில் இல்லை, ஓசூரில் கிடைக்கும் என்றான் பையன்.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீ சொல்ல வேண்டாம், தேவைப்பட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சேலம் பஸ் ஏறினால் காவேரிப்பட்டணத்தில் நிறுத்துவார்களா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள். மாட்டேன் என்றால் கிருஷ்ணகிரியிலேயே இறங்கிவிடு, நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். எந்த நேரமானாலும். சாமான் நிறைய இருந்தால் முன்னாடியே சொல், சின்னவனிடம் காரை எடுத்து வரச் சொல்கிறேன்.

அப்பா