காமிக்ஸ் விமர்சனத்தில் ஓவியர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக வரும் காமிக்ஸ் இதழ்களைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு விமர்சனம் கண்ணில் பட்டாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முக்கால்வாசி விமர்சனங்கள் கதைச் சுருக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. ஓவியர் பெயர்கூட இருப்பதில்லை, வண்ணம் தீட்டியவரையும் பாத்திரங்களின் பேச்சு வரும் பலூன்களில் வசனத்தை எழுத்தாக வடித்தவரையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 பக்கம். அதற்குள் எந்தக் காட்சிக்கு முழுப்பக்கம், எதற்குச் சின்னச் சின்னக் கட்டங்கள், பக்கம் திருப்பும் இடத்தில் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள், பலூன்கள் கண்ணைச் சரியான வரிசையில் கூட்டிப்போகின்றனவா, இதையெல்லாம் பார்க்காமல் மதிப்பெண் போடுவது நியாயமே இல்லை. நான் ஒரு இதழை முதலில் வசனத்தோடு படிப்பேன், அப்புறம் வசனத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்ப்பேன். படங்களே கதையைச் சொல்லிவிட்டால் அது நல்ல இதழ்.

இன்னொன்று, ஐந்தாறு இதழ்கள் ஓடப்போகும் கதைக்கு முதல் இதழை வைத்தே 'கதை நகரவில்லை' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அடுத்ததைத் தேட வைக்கிறதா என்று பாருங்கள், அது போதும். அப்புறம், வெளியான வாரத்திலேயே முடிவைப் போட்டு உடைக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு காமிக்ஸ் வாசகர்