ஏ.பி. தேர்வுகளின் எண்ணிக்கை ஒரு பள்ளியின் தரத்தைச் சொல்லுமா? எங்கள் கவுண்டியின் தமிழ்ப் பெற்றோர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நாம் வாழும் இந்தப் பகுதியின் அரசு உயர்நிலைப் பள்ளி இந்த ஆண்டுத் தரவரிசையில் பின்னுக்குப் போய்விட்டது என்றும், அதைச் சரிசெய்யக் கல்வி வாரியத்திடம் மனுக் கொடுக்க வேண்டும் என்றும் நீங்கள் அனுப்பிய வரைவை இரண்டு முறை படித்தேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏ.பி. என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்; அதன் தேர்வுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், 3-உம் அதற்கு மேலும் வாங்கினால் தேர்ச்சி. ஏ.பி. வகுப்பில் சேர்ந்த ஒவ்வொருவரும் மே மாதத் தேர்வைக் கட்டாயம் எழுத வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் ஏ.பி. மானுடப் புவியியல் வைக்க வேண்டும், அதற்குத் தேவையான ஆசிரியர் இடங்களைக் கணிதத்தில் பின்தங்கியவர்களுக்கென்று நடக்கும் இரட்டைப் பாடவேளை அல்ஜீப்ரா வகுப்பைக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று கோரிக்கைகள் அதில் இருக்கின்றன. என்னையும் கையெழுத்திட அழைத்திருந்தீர்கள். இதே கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வேறொரு அரசுப் பள்ளியில் 17 ஆண்டுகளாகக் கணிதமும் ஏ.பி. புள்ளியியலும் கற்பிக்கிறவள் நான். என் மகள் நீங்கள் குறிப்பிடும் பள்ளியில்தான் படித்து முடித்தாள். இந்த மனுவில் என்னால் கையெழுத்திட முடியவில்லை. அதற்கான காரணத்தை உங்கள் எல்லோர் முன்பும் விரிவாக வைப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையைப் பள்ளியின் தரமாகக் கொள்ளும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். ஜே மேத்யூஸ் என்ற பத்திரிகையாளர் 1998-இல் ஒரு குறியீட்டை உருவாக்கினார். அது முதலில் நியூஸ்வீக் இதழிலும் பின்னர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழிலும் பட்டியலாக வந்தது. கணக்கு மிக எளியது. ஒரு பள்ளியில் ஓராண்டில் எழுதப்பட்ட ஏ.பி., ஐ.பி. (பன்னாட்டுப் பாடத்திட்டம்) போன்ற தேர்வுகளின் மொத்த எண்ணிக்கையை, அந்த ஆண்டு படித்து முடித்து வெளியேறும் மாணவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். என்ன மதிப்பெண் கிடைத்தது என்பது அதில் சேராது. அவர் அதை வேண்டுமென்றேதான் விட்டார். தேர்ச்சி விகிதத்தைக் கணக்கில் எடுத்தால், பள்ளிகள் முதல் தர மாணவர்களை மட்டும் தேர்வறைக்குள் விட்டு மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பது அவருடைய வாதம்.

தமிழ்நாட்டில் படித்து வந்த நமக்கு இந்த வாதத்தின் வலு வேறு யாரையும்விட நன்றாகப் புரிய வேண்டும். ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்ற பலகைக்காக, ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் சுமாராகப் படிக்கும் பிள்ளையின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிய பள்ளிகளை நாம் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் தாண்டிப்போன பள்ளிகளையும் பார்த்திருக்கிறோம். 2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியபோது நம்மில் பலர் நிம்மதியடைந்தோம். ஆகவே, எல்லோருக்கும் கதவைத் திற என்று சொல்லும் ஓர் அளவுகோலை நான் இழிவாகப் பேச மாட்டேன். கறுப்பின மாணவர்களுக்கும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஆசிரியரின் பரிந்துரை இல்லாமல் ஏ.பி. வகுப்பில் இடமில்லை என்றிருந்த பள்ளிகளில் அந்தப் பூட்டு உடைந்ததற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

ஆனால் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது வேறு, அதற்குள் என்ன கற்பிக்கப்படுகிறது என்று பார்ப்பது வேறு. நீங்கள் கேட்கும் கட்டாயத் தேர்வு விதி என் பள்ளியில் சில ஆண்டுகள் இருந்தது. அப்போது ஒரு மே மாதக் காலையில், ஜிம்மில் வரிசையாகப் போடப்பட்ட மேசைகளுக்கு நடுவே அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக நின்றிருந்தேன். 55 நிமிடத்தில் 55 கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டிய பகுதியை மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவர் நான்கைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, சட்டையின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு மேசையில் கவிழ்ந்தார். எல் சல்வடாரிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த பையன். என் கணித வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு கணக்கையும் விடாமல் போடுகிறவன். அந்த வரலாற்றுப் பாடநூலின் ஆங்கிலம் அவனுக்கு இன்னும் எட்டவில்லை, எட்டுவதற்கு உதவி செய்ய யாரும் ஏற்பாடு செய்யவுமில்லை. கட்டுரைப் பகுதிக்கான விடைத்தாளில் தன் பெயரை மட்டும் அழகாக எழுதியிருந்தான். அந்தத் தாளும் பட்டியலுக்கு ஒரு முழுத் தேர்வுதான். முந்நூறு மணி நேரம் உழைத்து 5 வாங்கிய பெண்ணின் தாளுக்கும் அதற்கும் அந்த எண்ணில் எந்த வேறுபாடும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேர்வுக்கான பதிவு இப்போது நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டால் 40 டாலர் தண்டம். பாடத்தில் கால் பங்குகூட முடியாத நேரத்தில், தன்னால் முடியுமா என்று ஒரு பிள்ளை அறிவதற்கு முன்பே எடுக்கப்படும் முடிவு இது. ஒரு தேர்வுக்கான கட்டணம் கிட்டத்தட்ட நூறு டாலர். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் போன்ற வசதியான கவுண்டிகள் நெடுங்காலம் மாணவர் சார்பில் அதைத் தாமே கட்டிவந்தன. கட்டணத்தைக் கட்டும் கவுண்டியில் எண்ணிக்கை கூடும், பெற்றோர் தலையில் சுமத்தும் கவுண்டியில் குறையும். இதில் தெரிவது கவுண்டியின் பணப்பை. ஆசிரியரின் திறமைக்கும் இந்த ஏற்றத் தாழ்வுக்கும் தொடர்பில்லை.

வகுக்கும் எண்ணைச் சற்று உற்றுப் பார்க்குமாறு, கணிதம் கற்பிக்கிறவள் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 400 பேர் சேர்ந்து 380 பேர் படித்து முடிக்கிறார்கள், 760 தேர்வுகள் எழுதப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 2.0. இன்னொரு பள்ளியில் அதே 400 பேர் சேர்ந்து, 150 பேர் நடுவில் நின்றோ வேறிடம் போயோ, 250 பேர்தான் முடிக்கிறார்கள், தேர்வுகள் 600. குறியீடு 2.4. நூற்றைம்பது பிள்ளைகளை இழந்த பள்ளி பட்டியலில் மேலே நிற்கும். கல்வி ஆய்வாளர்களான ஆண்ட்ரூ ராதர்ஹாமும் சாரா மீடும் 2006-லேயே இந்தக் குறையை எழுதினார்கள். இடைநிற்றல் அதிகமுள்ள பள்ளிகளும் சிறந்த பள்ளிகளாகப் பட்டியலில் இருப்பதைக் காட்டினார்கள். நியூஸ்வீக்கில் பட்டியல் வந்துகொண்டிருந்த காலத்தில் ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த 38 கல்வி மாவட்டக் கண்காணிப்பாளர்கள், தங்கள் பள்ளிகளை அதில் சேர்க்க வேண்டாம் என்று கூட்டாகக் கடிதம் எழுதினார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

சராசரி மறைக்கும் இன்னொரு செய்தி நம்மைப் பற்றியது. 350 பேர் படித்து முடிக்கும் பள்ளியில் எல்லோரும் தலா இரண்டு தேர்வு எழுதினால் 700 தேர்வுகள். நூறு பேர் தலா ஏழு எழுதி, மற்ற 250 பேர் ஒன்றுகூட எழுதாவிட்டாலும் அதே 700 தேர்வுகள், அதே 2.0. நம் வீட்டுப் பிள்ளைகள் ஏழும் எட்டும் பத்தும் எழுதுகிறவர்கள். கும்மோன் என்னும் தனிப்பயிற்சி வகுப்பும் கோடைக்காலப் பயிற்சியும் வாரயிறுதி ட்யூஷனும் நாம் கொடுக்கிறோம். ஆகவே நாம் கூட்டமாகக் குடியேறும் பகுதியில் எண் தானாக ஏறுகிறது. ஏறிய எண்ணைப் பார்த்து இன்னும் நம்மவர்கள் வீடு வாங்க வருகிறார்கள். வீட்டு விலை ஏறுகிறது. பள்ளி என்ன கூட்டிக்கொடுத்தது என்ற கேள்விக்கு இந்தச் சுற்றில் எங்குமே விடை இல்லை. வீடு பார்க்கும்போது நானும் என் கணவரும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அலைந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் தேர்ச்சியைக் கணக்கிட்டால் போதுமே என்று கேட்பீர்கள். யூ.எஸ். நியூஸ் என்ற ஊடகத்தின் பள்ளிப் பட்டியல் அந்தப் பக்கம்தான் நகர்ந்தது. 2019-இல் மாற்றியமைத்த முறையில் ஏ.பி., ஐ.பி. சார்ந்த அளவைகளுக்கு 40 சதவீதம் எடை. தேர்வு எழுதுவதைவிடத் தகுதி மதிப்பெண் பெறுவதற்கு மூன்று மடங்கு மதிப்பு. முன்னதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த மதிப்பெண்ணும் அசையாத கல் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க வரலாற்றில் 3-உம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 2023-இல் சுமார் 48 சதவீதம்; 2024-இல் சுமார் 72 சதவீதம். ஓராண்டில் பிள்ளைகளோ ஆசிரியர்களோ அவ்வளவு மாறிவிடவில்லை. மதிப்பெண்ணுக்கான எல்லைக்கோடுகளை ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு திருத்தி வரைந்தது, அவ்வளவுதான்.

ஏ.பி. வகுப்பில் உட்கார்ந்தாலே பயன் உண்டு, தேர்வில் 1 வாங்கினாலும் அனுபவம் கிடைக்கும் என்று உங்கள் வரைவு சொல்கிறது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தேர்வில் 2 வாங்கிய என் மாணவி ஒருத்தி, கல்லூரியில் முதல் புள்ளியியல் வகுப்பில் தனக்கு மட்டும் அச்சமில்லாமல் இருந்தது என்று வந்து சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. ஆனால் பொதுவாக என்ன நடக்கிறது என்பதற்கு, கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து சால் கெய்சரும் வெரோனிகா சான்டலிசஸும் 2004-இல் செய்த ஆய்வைப் பார்க்க வேண்டும். பள்ளியில் எத்தனை ஏ.பி., ஹானர்ஸ் எனும் உயர்தரப் பாடங்கள் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கைக்கும் கல்லூரியில் எப்படிப் படித்தார்கள் என்பதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை, ஏ.பி. தேர்வில் பெற்ற மதிப்பெண்ணுக்கோ நல்ல தொடர்பு இருந்தது. பாடத்தைக் கற்றவர்களுக்குப் பயன் கிடைத்தது என்றுதான் இதை நான் படிக்கிறேன். டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸில் 1996-இல் 10 பள்ளிகளில் தொடங்கிய திட்டமும் இதையே காட்டுகிறது. அங்கே தேர்ச்சி பெற்ற மாணவருக்கும் அவருடைய ஆசிரியருக்கும் ஊக்கத்தொகை கொடுத்தார்கள் என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கீழ் வகுப்புகளிலிருந்தே தயாரிப்பும் சேர்ந்துதான் அத்திட்டம் நடந்தது. கிராபோ ஜாக்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து, கல்லூரிக்குப் போகிறவர்கள் அதனால் கூடினார்கள் என்று எழுதினார்.

எல்லோருக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்ற நம்பிக்கை மேத்யூஸுக்குப் பிறந்த இடம் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளி. பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாந்தே அங்கே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கால்குலஸ் கற்பித்தார். 1982-இல் அவருடைய மாணவர் 18 பேர் ஏ.பி. கால்குலஸில் தேறினார்கள். அவர்களில் 14 பேர் மீது பார்த்து எழுதியதாகச் சந்தேகம் கிளப்பப்பட்டு, 12 பேர் மறுபடி எழுதி 12 பேரும் தேறினார்கள். அந்த வெற்றியை எல்லோரும் சொல்கிறோம். 1974-இல் பள்ளியில் சேர்ந்த அவர் அந்த நிலைக்கு வர எட்டு ஆண்டுகள் பிடித்தன என்பதையும், நடுநிலைப் பள்ளி அல்ஜீப்ராவிலிருந்தே அடித்தளம் போட்டார் என்பதையும், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் கோடை வகுப்புகள் நடத்தினார் என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். மே மாதத் தேர்வு அங்கே அறுவடை. உழவு கீழ் வகுப்பில் நடந்தது.

அதனால்தான் உங்கள் மூன்றாவது கோரிக்கை என்னை மிகவும் வருத்துகிறது. இரட்டைப் பாடவேளை அல்ஜீப்ரா வகுப்பில் என்ன நடக்கிறது என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். 1/2-உடன் 1/3-ஐக் கூட்டி 2/5 என்று எழுதுகிற பிள்ளை செப்டம்பரில் வந்து உட்காரும். ஒரு காகிதப் பட்டையை இரண்டாக மடித்து, இன்னொன்றை மூன்றாக மடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘பாதியே இவ்வளவு இருக்கும்போது இரண்டும் சேர்ந்து அதைவிடக் குறைவாக எப்படி இருக்கும்?’ என்று கேட்டால், அந்த முகத்தில் முதன்முறையாக ஒரு கேள்வி தோன்றும். அதற்கு ஒரு பாடவேளை போதாது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மூன்று ஆண்டுகள் கழித்து என் ஏ.பி. புள்ளியியல் வகுப்புக்கு வந்து 3 வாங்கினான். இந்த வகுப்பை எடுத்துவிட்டால் நாளைய ஏ.பி. வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளையைத்தான் எடுத்துவிடுகிறோம். மனுவில் உள்ள வேறு எதை மாற்றாவிட்டாலும் இதை மட்டுமாவது நீக்கிவிடுங்கள்.

கல்வி வாரியத்திடம் போவதையே நான் தடுக்கவில்லை. கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் முடிக்கிறார்கள், ஒரு ஏ.பி. தேர்விலாவது 3 வாங்கியவர்கள் மொத்தத்தில் எத்தனை பேர், ஒன்றும் எழுதாதவர்கள் யார் யார், ஏன் என்று கேட்போம். சமுதாயக் கல்லூரியோடு இணைந்த பாடங்களையும் தொழிற்பாடங்களையும் படிப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்களைப் பற்றியும் கேட்போம். தேர்வுக் கட்டணத்தை வசதியில்லாத குடும்பங்களுக்குக் கவுண்டியே ஏற்கட்டும். ஏ.பி. வகுப்பில் யார் விரும்பினாலும் சேரலாம், சேர்ந்தவருக்கு வாரம் இருமுறை பள்ளி முடிந்தபின் உதவி வகுப்பு உண்டு என்று எழுதி வாங்குவோம். தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை மாணவரும் ஆசிரியரும் வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

கல்வி வாரியத்தின் கூட்டத்துக்கு முன் ஒருநாள், தமிழ்ப் பள்ளி வகுப்புகள் முடிந்தபின், அதே கட்டடத்தில் நாம் உட்கார்ந்து மனுவைத் திருத்தி எழுதலாம். கடந்த ஐந்து ஆண்டுக்கான விவரங்களை, கவுண்டி பொதுவில் வெளியிட்டிருக்கும் அறிக்கைகளிலிருந்து எடுத்துத் தாளில் அச்சிட்டு நான் கொண்டுவருகிறேன். திருத்திய மனுவில் முதல் கையெழுத்தைப் போட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
கணித ஆசிரியை, உங்களில் ஒருத்தி