ஜெராக்ஸில் இல்லாத ஒரு வரி

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நம் கேரம் போர்டின் மேல் ஏறி உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரைத் தர மாட்டேன் என்று அடம்பிடித்த நம் பாப்பா, ஹவுஸ் சர்ஜன் முடித்து கிளினிக் வைக்கப் போகிறாளா! ரொம்ப சந்தோஷம்டா.

கடைசிப் பத்தியில் கேட்டிருந்தாயே, "டாக்டருங்களுக்கே வக்காலத்து போடுறியே, எப்பவாவது உறுத்தியிருக்கா?" என்று. தாமதம் அதனால்தான்.

நான் கறுப்புக் கோட்டு மாட்டிய கொஞ்ச காலத்திலேயே, 1995-ல், வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தால் அது நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை வக்கீல் வாசலையே மிதிக்காத டாக்டர்கள் நோட்டீஸும் கையுமாக வந்தார்கள். நடுவில் ஓர் ஆடிட்டர், விரிசல் விட்ட மாடிக்காக ஒரு இன்ஜினியர் என்றும் வந்ததுண்டு. ஆனாலும் என் சோறு டாக்டர்கள் போட்டதுதான். வாதமும் பெரும்பாலும் ஒன்றே. நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது. அதே படிப்பும் பயிற்சியும் உள்ள இன்னொருவர் அந்த இடத்தில் இப்படிச் செய்திருப்பாரா என்பதுதான் கேள்வி. இதை நான் நம்பித்தான் பேசினேன். அதில் உறுத்தல் இல்லை.

உறுத்துவது வேறு.

2022 கடைசியில் ஒரு சர்ஜன் வந்தார். சின்ன நர்சிங் ஹோம், நம் பக்கத்து ஆள், கைராசிக்காரர் என்று பெயர். பித்தப்பை ஆபரேஷன் செய்த பெண்ணுக்கு அன்று இரவே உள்ளே ரத்தக்கசிவு. வேறு இடத்தில் மறுபடி வயிற்றைத் திறந்து பிழைக்க வைத்திருக்கிறார்கள். விடியும்வரை டாக்டர் எட்டிப் பார்க்கவில்லை என்பது புகார். "வந்தேன் சார், ஸ்கூட்டரிலே வந்தேன்" என்றார் இவர். நர்ஸும் வாட்ச்மேனும் அப்படியே சொன்னார்கள். இன்றுவரை அவர் வந்தார் என்றுதான் நம்புகிறேன்.

நுகர்வோர் கமிஷன் நோட்டீஸ் கைக்குக் கிடைத்து நாற்பத்தொரு நாள் கழித்துத்தான் என்னிடம் வந்தார். பதில் மனுவுக்கு 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15. அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும்; 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே அப்படித் தீர்த்துவிட்டது. ராவும் பகலுமாக உட்கார்ந்து நாற்பத்தைந்தாம் நாள் தாக்கல் செய்தேன். கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருந்தது: 'இரவு 11.20, நோயாளியைப் பார்த்தேன், பல்ஸ், பிபி சரி.' அதைத்தான் தூணாக நிறுத்தியிருந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண், நாலைந்து வருஷம் பிராக்டிஸ் இருக்கும். குரலையே உயர்த்தவில்லை. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே அந்தக் குடும்பம் எழுதிக் கேட்டு வாங்கிய கேஸ் ஷீட் ஜெராக்ஸை எங்கள் ஒரிஜினல் பக்கத்தில் வைத்தார். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதியை மதித்து டாக்டரே கொடுத்த ஜெராக்ஸ்தான். அதில் 10.30 இருந்தது, 12.15 இருந்தது. நடுவில் வெற்றிடம். ஒரிஜினலில் அந்த இடத்தில் 11.20, கொஞ்சம் நெருக்கி எழுதியிருந்தது. வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று பயந்துபோய்ச் செருகியிருக்கிறார். உண்மையில் செய்ததைத்தான் எழுதினார், ஆனால் அன்றே எழுதியதுபோல எழுதிவிட்டார். அப்புறம் நர்ஸையும் வாட்ச்மேனையும் யார் நம்புவார்கள்?

எட்டரை லட்சம் நஷ்டஈடு, வட்டியோடு.

சேகர், அந்த ஜெராக்ஸ் புகாரோடு இணைப்பாக முதல் நாளே எங்கள் கேஸ் கட்டுக்கு வந்துவிட்டது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், "டாக்டர், இந்த வரியை வைத்து வாதாடாதீங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். நாலே நாள்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதே சாக்கை ஒரு டாக்டர் சொன்னால் கமிஷன் ஏற்காது.

2024 மே மாதம், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுநாளே அந்த சர்ஜன் போன் செய்தார். "சார், நீங்க எல்லாம் தப்பிச்சிட்டீங்க, நாங்கதான் மாட்டிக்கிட்டோம்." அந்தச் சட்டத்திலிருந்துதான் தப்பித்தோம்; சிவில் கோர்ட்டில் எங்கள் மேலும் வழக்குப் போடலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, நானும் சிரித்து வைத்தேன். அந்த ஜெராக்ஸ் என் மேஜையிலேயே கிடந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்டதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

பாப்பாவிடம் சொல். எழுத மறந்துவிட்டால், மறந்துவிட்டேன் என்று அன்றைய தேதியும் நேரமும் போட்டுக் கீழே எழுதட்டும். இடுக்கில் செருக வேண்டாம். ஏதாவது தப்பாகிப் போனால் வராந்தாவில் நிற்கிற சொந்தக்காரர்களிடம் பத்து நிமிஷம் நின்று பேசட்டும். என்னிடம் வந்த கட்டுகளில் பாதி, யாருமே வந்து பேசவில்லை என்ற கோபத்தில் போட்டவை.

இப்போது கோர்ட்டுக்கு மெட்ரோவில்தான் போகிறேன். மண்ணடிக்கு அடுத்தது ஹைகோர்ட், உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு வருவாய்தானே? காசிமேட்டில் விடியற்காலை நாமே போய் வஞ்சிரம் எடுக்கலாம். போர்டு பரணில்தான் இருக்கிறது. பவுடர் மட்டும் வாங்க வேண்டும்.

உன்,
பாஸ்கர்