ஜாங்கோவின் கடைசி ரெக்கார்டுகள்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டது. வாத்தியார் வழக்கம்போல யாரோடோ கோபமாக இருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1953 மார்ச் 10 அன்று ஜாஸ் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் பாரிஸில் பதிவு செய்த எட்டு உருப்படிகளும் ஒரே வினைலில் மறுபடி வந்திருக்கின்றன. வாங்கிவிட்டேன். அதே வருடம் மே 16 அன்று, 43 வயதில், மனுஷன் போய்விட்டார். "கிராப்பெல்லி இல்லாத ஜாங்கோ ஜாங்கோவே இல்லை, கிதாரில் கரண்டு ஏறியதும் எல்லாம் முடிந்தது" என்று அவருடைய பழைய வயலின் கூட்டாளியையும் எலக்ட்ரிக் கிதாரையும் வைத்து மேஜையைத் தட்டிப் பேசுவாயே, உன் வாயை அடைக்கத்தான் இந்தக் கடிதம்.

அவரே இயற்றிய 'நுவாஜ்' ஒன்றையே எடுத்துக்கொள். 1940 டிசம்பர் பதிவில் இரண்டு கிளாரினெட் பக்கத்தில் நிற்கின்றன. 1953இல் மொரிஸ் வான்டேரின் பியானோ, பியேர் மிஷ்லோவின் பாஸ், ழான்-லூயி வியாலின் டிரம்ஸ், அவ்வளவுதான். கிதாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்-அப் இருப்பதால் தட்டிய ஸ்வரம் உடனே அடங்குவதில்லை. அது நீண்டு தேயும்வரை விட்டுவைத்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொடுகிறார். 1928 தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கியவர், இரண்டு விரலால் மின்னல் வேகம் காட்டியவர். இங்கே அந்த வேகம் திடீரென்று ஒரு வரி பாய்ந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதையா நீ சரிவு என்கிறாய்?

ஆனால் எந்தத் தட்டை வாங்குவது என்பதில் எனக்குப் பெரிய எரிச்சல். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கு அப்போது 50 வருட உரிமைதான். 2011இல் அதை 70 ஆக்கச் சட்டம் செய்தபோது, ஏற்கெனவே காலாவதியானவை திரும்பவில்லை. அதனால் இந்தப் பதிவுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். முதலில் பதிவான மாஸ்டர் டேப்பே தேவையில்லை, ஒரு பழைய சி.டி. போதும்! முதலில் எனக்கு வந்தது அந்த ரகம். இரைச்சலை நீக்குகிறேன் என்று வியால் டிரம்ஸில் தேய்க்கும் பிரஷ் சத்தத்தையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். அட்டையில் மட்டும் "180 கிராம்" என்று கொட்டை எழுத்து. தட்டின் கனத்தில் என்ன இருக்கிறது? எதிலிருந்து எடுத்தார்கள், அச்சுக்கு முன் ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங்கை யார் செய்தார்கள் என்று ஒரு வரி போட்டிருக்கலாமே. இப்போது வாங்கியதில் அந்த விவரம் இருக்கிறது. ஒற்றைத் தட ஒலியான மோனோவை மோனோவாகவே விட்டிருக்கிறார்கள். மிஷ்லோ விரலால் கம்பியை இழுப்பது தனியாகக் கேட்கிறது.

கடைசிப் பதிவு ஏப்ரல் 8. அன்று பியானோவில் மார்சியல் சொலால், 25 வயது. அவருக்கு அதுதான் முதல் ரெக்கார்டிங். சொலால் 2024 டிசம்பரில்தான் 97 வயதில் காலமானார். ஜாங்கோவுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஆயுள். அந்த ஏப்ரலில் அவர் புது ஆட்களைத் தேடிப்போய் வாசித்துக்கொண்டிருந்தார், ஓய்ந்து உட்காரவில்லை. நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.

எனக்கு வந்த நல்ல தட்டையே உனக்கு அனுப்புகிறேன். முதலில் ஊசியைச் சுத்தம் செய், உன் வீட்டு ஊசியின் லட்சணம் எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு, கிராப்பெல்லி பேச்சை எடுக்காமல், இரண்டு பக்கமாவது எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்