புதுக்கடைக்கு ஒரு மடல்: வெளியில் சட்டம் படித்து வன்னிக்கு வந்த பிள்ளைகளுக்காக

கொழும்பு புதுக்கடையில் இலங்கைச் சட்டக் கல்லூரியை நடத்தும் சட்டக் கல்விப் பேரவையின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். என் அக்காவின் மகள் ஏழு வயதில் படகேறியவள். மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, தமிழ்நாட்டில் சட்டம் படித்துப் பட்டமும் வாங்கினாள். கோட்டுப் போட மட்டும் முடியவில்லை. 1961 ஆம் ஆண்டின் இந்திய வழக்கறிஞர்கள் சட்டம், 24 ஆம் பிரிவில், பதிவுக்கு முதலில் கேட்பது இந்தியக் குடியுரிமையை. சொந்த மண்ணிலாவது கறுப்புக் கோட்டுப் போடுவோம் என்று ஊர் திரும்பினாள். இங்கேயும் வெளியில் படித்தவர் சட்டத்தரணியாக வேண்டுமென்றால் முதலில் உங்கள் பரீட்சைகளில் தேற வேண்டும்.

போன மாதம் அவளோடு நீதிமன்ற வளாகத்தில் நின்றேன். வேப்பமரத்தடியில் ஒரு வயோதிப அம்மா சொப்பிங் பையிலிருந்து அரசு கொடுத்த காணிப் பெர்மிட்டை எடுத்து விரித்தா. 2009 இல் இறுதிப் போருக்குள் மாத்தளன் கடற்கரை வரைக்கும் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோன தாள். மடிப்பு விழுந்த இடத்தில் ஏக்கர் கணக்கே அழிந்துவிட்டது. பெயர் செத்துப்போன மனுசனுடையது. "இது உங்களுக்குச் சேர வேண்டிய காணிதான் அம்மா. ஆனா உங்களுக்காக எழும்பிக் கதைக்க எனக்கு ஏலாது" என்றாள் பிள்ளை. அந்த அம்மா அவளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பரீட்சை வேண்டாம் என்று கேட்கவில்லை. வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும், ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம டச்சுச் சட்டமும், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அவள் அங்கே படித்தவையல்ல. அவை தெரியாமல் வன்னியில் ஒரு காணி வழக்கையும் தொட முடியாது. அவற்றில் எவ்வளவு கடுமையாகச் சோதித்தாலும் சரி. ஆனால் 1883 ஆம் ஆண்டின் எங்கள் தண்டனைச் சட்டக்கோவை, 1860 இன் இந்தியக் கோவையைப் பார்த்து எழுதியது. 1895 இன் சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்கும் முன்மாதிரி 1872 இன் இந்தியச் சட்டம்தான். வரி வரியாகப் படித்துத் தேறியதை எதற்குத் திரும்பவும் முதலிலிருந்து?

கனடாவில் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரியின் படிப்புக் கோப்பினை ஆளுக்காள் தனியாகப் பார்க்கிறார்கள். அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல் என்று குறையும் பாடங்களை எழுத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றில் தேறினால் போதும், அடுத்த படிக்குப் போகலாம். எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் ரொறன்ரோவில் அந்த வழியால்தான் சட்டத்தரணியானார்கள். அதே முறையை இங்கேயும் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, மொழி. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தபோது நாங்கள் இங்கே நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டோம். வடக்கில் நீதிமன்றம் தமிழில் நடக்கிறது. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான விதிகளையும் தமிழில் முழுமையாக, ஓரிடத்தில் தாருங்கள். பரீட்சைக்கு வவுனியாவிலாவது ஒரு நிலையம் வையுங்கள். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் இருந்துவிட்டு, விடியப் பேனை பிடிக்கிற பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு அடுத்த தவணை ஆவணியில். பெர்மிட்டின் நிழற்படப் பிரதி ஒன்று இப்போது என் மருமகளின் கொப்பிக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்மாமன்